போத்தலில் அடைத்த சல்சா: ஒரு களுவாஞ்சிக்குடிக் குசினிப் பதிவு

தக்காளி மலியும் நாட்களில் எங்கள் வீட்டில் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை, பெட்டியோடுதான் வாங்குவோம். களுதாவளைப் பக்கம் தோட்டத்துக்கே போனால் இன்னும் மலிவு. ஆனால் இந்த வெயிலுக்குப் பழம் நிற்காது. கொஞ்சம் குழம்புக்கு, கொஞ்சம் சம்பலுக்கு, கொஞ்சம் பக்கத்து வீட்டுக்கு என்று போனபிறகும் அடிப்பெட்டியில் கிடப்பது கசியத் தொடங்கிவிடும். ஃப்ரீஸரில் போடலாம்தான். 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்துக்குப் பிறகு, ஒரு வருடச் சாமானை ஃப்ரீஸரை நம்பி வைக்க அம்மா சம்மதிப்பதில்லை. அலுமாரித் தட்டில் சும்மா இருந்தும் கெடாத ஒரு வழி வேண்டும் என்று நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

அந்த வழியை மச்சாள் கொண்டுவந்தாள். மாமாவின் மகள், டொரொண்டோவில் இருக்கிறாள். அங்கே கோடை முடியும் நேரம் தக்காளியைப் போத்தலில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். இந்த முறை ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரப்போகிறாள் என்றதும், அதற்கு முன்பே கப்பலில் போட்ட பெட்டியில் கண்ணாடிப் போத்தல்களும் மூடிகளும் வந்து சேர்ந்துவிட்டன. மூடி இரண்டு துண்டு: ஒரு தட்டை மூடி, அதைப் பிடித்து வைக்கிற ஒரு திருகு வளையம். சல்சா செய்து அடைப்பது என்று முடிவானது. தக்காளி, வெங்காயம், மிளகாய் மூன்றையும் பொடியாக வெட்டித் தேசிச் சாற்றின் புளிப்புச் சேர்த்துச் செய்கிற மெக்சிக்கோத் தொடுகறி அது. கட்டைச்சம்பல் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்நியமாக இருக்காது.

இதில் நான் விளங்கிக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ச் சமையலில் கண்ணளவும் கைப்பக்குவமும்தான் எல்லாம். போத்தலில் அடைக்கும்போது அந்தக் கைப்பக்குவத்துக்கு ஓரிடம் உண்டு. அது எந்த இடம் என்று தெரிந்திருக்க வேண்டும். மற்ற இடத்தில் அளவுக் கோப்பை சொல்வதுதான் சட்டம்.

நாங்கள் எடுத்த அளவு, அமெரிக்காவின் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்கும் வீட்டு உணவுப் பதனிடல் தேசிய மையம் சோதித்து வெளியிட்டது. தோலும் விதையும் நீக்கி வெட்டிய தக்காளி 6 கப். வெங்காயமும் மிளகாயும் இரண்டும் சேர்ந்து 9 கப். போத்தலில் விற்கிற லெமன் சாறு அல்லது தேசிச் சாறு 1½ கப். உப்பு 3 தேக்கரண்டி. அவ்வளவுதான். அரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த, பைன்ட் என்கிற அளவுப் போத்தலில் கிட்டத்தட்ட 6 வரும்.

ஒன்றரைக் கப் புளியா என்று அம்மா திகைத்துப் போனார். "இவ்வளவு புளி விட்டா யாரு புள்ள தின்னுற?" மச்சாள் விட்டுக்கொடுக்கவில்லை. "மாமி, கொச்சிக்காயக் கூட்டலாம், குறைக்கலாம். புளியில மட்டும் கை வைக்கேலாது."

காரணம் இது. மண்ணில் வாழும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்துகள் 100 பாகை கொதிநீரில் சாகாது. காற்றை வெளியேற்றி இறுக்கி மூடிய போத்தல் அதற்குத் தோதான இடம், ஏனென்றால் ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் அது வளரும். வளர்ந்தால் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. திறந்து மணந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தடுப்பது அமிலம். புளிப்பை அளக்கிற எண் பி.எச்., புளிப்புக் கூடக் கூட அந்த எண் இறங்கும். அது 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. தக்காளி இந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிற பழம். சில பழம் கீழே, சில பழம் மேலே. வெங்காயமும் மிளகாயும் உள்ளியும் எல்லைக்கு மேலேதான். அவற்றைச் சேர்க்கச் சேர்க்கக் கலவையின் புளிப்பு குறையும். அந்த ஒன்றரைக் கப் சாறுதான் முழுக் கலவையையும் கோட்டுக்குக் கீழே இழுத்து வைக்கிறது. உறைப்பு என்றால் கிருமியைக் கொல்லும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். இந்தக் கிருமியிடம் உறைப்புக்கு வேலையில்லை. சல்சாவில் போடுகிற உப்பும் ருசிக்கு மட்டும்தான். ஊறுகாயில் போடுவதுபோல் காவல் காக்கிற அளவு உப்பு இதில் இல்லை.

அம்மாவின் தேசிக்காய் ஊறுகாய் ஏன் வருடக்கணக்கில் கெடுவதில்லை என்பதும் அப்போதுதான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. தேசிக்காயின் அமிலம், கைநிறையப் போடும் உப்பு, வெயிலில் காயவைத்து நீரை இழுப்பது, மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்தக் காலத்து ஆட்கள் பி.எச். தெரியாமலே சரியான வழியைக் கண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அளவுக் கோப்பையையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார்.

சாறு விஷயத்தில் இன்னொரு கேள்வி வந்தது. முற்றத்தில் தேசி மரம் காய்த்துத் தொங்குகிறது, எதற்குக் காசு கொடுத்துப் போத்தல் சாறு? பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், போத்தலில் வருவது ஒரே அளவாகச் சீர்செய்யப்பட்டிருக்கும், அதனால்தான். மட்டக்களப்பு டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்தது. வாங்குகிறவர்கள் லேபிளைப் படியுங்கள்: சீனி சேர்த்த கோர்டியல் வேறு, சாறு வேறு. வினாகிரியை இதற்குப் பதிலாக விடக் கூடாது, அது புளிப்பில் குறைந்தது. வினாகிரி கேட்கும் செய்முறையில் அதே அளவு லெமன் சாறு விடலாம். திருப்பிச் செய்ய முடியாது. மரத்துத் தேசிக்காய் வீணாகவில்லை, வெட்டுகிற எல்லாருக்கும் கரைத்துக் கொடுத்தோம்.

சரி, கைப்பக்குவத்துக்கு எங்கே இடம்? அந்த 9 கப்பில். மொத்தம் 9 கப்பைத் தாண்டாமல் இருக்கும்வரை எந்த மிளகாய், எவ்வளவு வெங்காயம் என்பது எங்கள் இஷ்டம். பெரிய வெங்காயம் 5 கப், கறிமிளகாய் 3½ கப், பச்சைக் கொச்சிக்காய் ½ கப் என்று அம்மா பிரித்தார். மச்சாளின் பிள்ளைகள் இல்லாவிட்டால் கொச்சிக்காய் ஒரு கப்பாவது ஏறியிருக்கும். சீரகத் தூள் கொஞ்சம் சேர்த்தோம். உலர்ந்த சரக்கு என்பதால் அதில் ஆபத்தில்லை. உள்ளி போடவில்லை, அந்த அளவில் உள்ளிக்குக் கணக்கு இல்லை. மல்லியிலையும் அப்படியே.

எண்ணெயில்தான் வாக்குவாதம் நீண்டது. "எண்ணெய் ஒரு சொட்டும் விடாம எப்பிடி மணக்கும்?" என்று அம்மா. கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டாத ஒன்றை அவர் இதுவரை போத்தலில் போட்டதில்லை. எண்ணெய் துண்டுகளைச் சுற்றி மூடிக்கொண்டால் அமிலம் உள்ளே இறங்காது, மூடியின் இறப்பரும் சரியாகப் பிடிக்காது. கடைசியில் மச்சாள் சொன்ன வழி எல்லாருக்கும் பிடித்தது: அடைக்கும்போது எண்ணெயில்லை, திறக்கும்போது வேண்டியமட்டும் தாளித்துக்கொள்ளலாம்.

தக்காளி இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடுத்தோம். நீள்வாட்டமான, தசை கெட்டியான பழமாகப் பார்த்துப் பொறுக்கினால் நல்லது. உருண்டைப் பழத்தில் தண்ணீர்தான் அதிகம். அதற்காகச் சோளமா கரைத்து விட்டுத் தடிப்பாக்க நினைக்காதீர்கள். மா சேர்ந்தால் சூடு போத்தலின் நடுவுக்குப் போய்ச்சேர நேரமெடுக்கும், சோதித்த நேரக் கணக்குத் தவறிவிடும். தண்ணீராக இருந்தால் திறந்தபிறகு வடித்துக்கொள்ளலாம்.

தோல் உரிக்கிற வேலை பிள்ளைகளுக்கு. காம்பு பக்கத்துக்கு எதிரே கத்தியால் சின்னதாக ஒரு குறுக்குக் கீறல், கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். கீறின இடத்தில் தோல் நான்காக விரிந்து சுருண்டு நிற்கும். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுத் தோலும் கையோடு வந்துவிடும். உள்ளே தெரிகிற தசை, தோலோடு இருக்கும்போது தெரியாத ஒரு மினுக்கோடு இருக்கும், நரம்பு நரம்பாக வெள்ளை ஓடும். என் மகள் ஒவ்வொரு பழத்தையும் உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைத்தாள். "மாமி, இதுக்குள்ள அறை அறையா இருக்கு" என்று மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அறைகளைத் திறந்து விதையை விரலால் வழித்தெடுத்து, கால் அங்குலம் முதல் அரை அங்குலம்வரை சதுரமாக வெட்டினோம். துண்டு பெரிதானால் கோப்பையில் குறைவாகப் பிடிக்கும், அரைத்துவிட்டால் அதிகமாகப் பிடிக்கும். அதனால் வெட்டும் அளவும் அளவில் சேர்ந்ததுதான். கொச்சிக்காய் வெட்டுகிறவர்கள் கையுறை போடுங்கள். அதற்கு விளக்கம் தேவையில்லை.

எல்லாவற்றையும் பெரிய எவர்சில்வர் சட்டியில் கலந்து கொதிக்க வைத்து, கொதி வந்தபிறகு 3 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விட்டோம். அலுமினியச் சட்டி வேண்டாம், இவ்வளவு புளி அதைத் தின்னும்.

போத்தல்களைக் கொதிக்க வைக்கத்தான் ஆழமான பாத்திரம் வேண்டும். அடுக்கிய போத்தலுக்கு மேலே குறைந்தது ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கவேண்டும், அதற்கு மேலே கொதித்துத் தளும்ப இடமும் வேண்டும். குசினியில் இருந்த எதுவும் காணாது. பொங்கலுக்கு எடுக்கிற கிடாரத்தைத் தம்பி இறக்கி மினுக்கித் தந்தான். போத்தலின் அடி பாத்திரத்தில் நேரே படக்கூடாது, பட்டால் வெடிக்கும். அடியில் மூடியின் மேலதிக வளையங்களைக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டிப் பரப்பினோம். பிரஷர் குக்கரில் போட்டால் வேலை சுருக்கமாக முடியுமே என்று தம்பி கேட்டான். இறைச்சி, மீன், அவரைபோலப் புளிப்பில்லாத சாமானை அடைக்கத்தான் அழுத்தம் வேண்டும். அதற்கென்று செய்த பெரிய பாத்திரம் வேறு. நாங்கள் பருப்பு அவிக்கிற குக்கர் மிக வேகமாகச் சூடேறி வேகமாக ஆறிவிடும், அந்த நேரக் கணக்கு இதற்குப் பொருந்தாது. புளிப்புச் சரியாக இருக்கிற சல்சாவுக்குக் கொதிநீர் போதும்.

கிடாரம் கேஸ் அடுப்பில் ஏறாது. முற்றத்தில் கல் வைத்து, தென்னம்மட்டையும் விறகும் போட்டு மூட்டினோம். ஓகஸ்டில் இங்கே கச்சான் காற்று வீசுகிற காலம். தீ நிமிர்ந்து எரியாமல் கிழக்கே சாய்ந்து சாய்ந்து போகிறது. தம்பி பழைய தகரத் துண்டுகளைக் கொண்டுவந்து மேற்குப் பக்கம் மறைத்துக் கட்டியபிறகுதான் அடுப்பு அடங்கியது.

நிரப்புவதுதான் கை நிதானம் கேட்கிற இடம். போத்தல்கள் சோப்புப் போட்டுக் கழுவிச் சுடுநீரில் கிடக்கின்றன. 10 நிமிடத்துக்கு மேல் கொதிக்கவைக்கப் போவதால் தனியாகக் கிருமிநீக்கத் தேவையில்லை, ஆனால் சூடாக இருக்கவேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கிற சல்சாவை விட்டால் விரியும். மச்சாள் ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் புனல் வைத்து வார்த்தேன். வாயிலிருந்து அரை அங்குலம் காலியாக விடவேண்டும். இடம் குறைந்தால் கொதியில் பிதுங்கி வெளியே வரும், கூடினால் உள்ளே காற்று மிஞ்சும். பிறகு மெல்லிய மரக்குச்சியைக் கண்ணாடி ஓரமாக இறக்கி மேலும் கீழும் அசைத்தால், துண்டுகளுக்கு நடுவே சிக்கிய காற்று குமிழ் குமிழாக ஏறி வரும். அளவு இறங்கும், மறுபடி நிரப்பி அரை அங்குலத்துக்குக் கொண்டுவரவேண்டும். அடுத்து, ஈரத் துணியால் வாயைச் சுற்றித் துடைப்பது. ஒரு தக்காளி விதை ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. தட்டை மூடியை வைத்து, வளையத்தை விரல் நுனி பலத்துக்கு மட்டும் திருகவேண்டும். கொதிக்கும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழி வேண்டும், அதனால் முழுப்பலத்தோடு இறுக்கக் கூடாது.

போத்தலை இடுக்கியால் கிடாரத்தில் இறக்கி, மூடி போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபிறகுதான் நேரம் எண்ணவேண்டும். கடல் மட்டத்தில் இருக்கிற எங்களுக்கு 15 நிமிடம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆயிரம் அடிக்கு மேலே 20 நிமிடம், 6,000 அடிக்கு மேலே 25. நுவரெலியாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நிமிடத்தைக் கூட்டிச் சொல்லுங்கள், அந்த ஊர் 6,000 அடியைத் தாண்டி நிற்கிறது. விறகு அடுப்பில் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: நடுவில் கொதி அடங்கினால் மறுபடி கொதிக்க வைத்து, முதல் நிமிடத்திலிருந்து எண்ணவேண்டும். எங்களுக்கு ஒரு பலமான காற்றில் அப்படி அடங்கியது. தம்பி தீயை ஏற்றினான், அம்மா மணிக்கூட்டைப் பார்த்து, "திரும்ப ஒண்டிலயிருந்து" என்றார். புளியின் அளவுக்கு வாதாடிய அதே அம்மா.

இந்தக் கண்ணாடிப் போத்தல் முறைக்கு வயது இருநூறுக்கு மேல். பிரான்சில் நிக்கொலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் போத்தலில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைத்துக் கெடாமல் காத்து, 1810 இல் அரசிடம் 12,000 பிராங்க் பெற்று முறையை வெளியிட்டார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்தான் காரணம் என்று பாஸ்டர் காட்ட இன்னும் அரை நூற்றாண்டு போனது. திருகு மூடிப் போத்தலுக்கு ஜோன் மேசன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1858 இல். கொதி எழும்வரை காத்திருந்த நேரத்தில் மச்சாளின் மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தான், எனக்கும் சொல்லப் பிடித்திருந்தது.

நேரம் முடிந்ததும் தீயை இழுத்துவிட்டு, மூடியைத் திறந்து 5 நிமிடம் அப்படியே விட்டோம். பிறகு சரிக்காமல் நேரே தூக்கி, மேசையில் விரித்த தடித்த துணிமேல் இடைவெளி விட்டு வைத்தோம். ஃபேனை நிறுத்தினோம், குளிர்காற்று பட்டால் கண்ணாடி கீறும். வளையத்தை அந்த நேரம் இறுக்கப் போகக்கூடாது. ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடியின் நடுப்பகுதி கீழே இழுபட்டு "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் பிள்ளைகள் எந்தப் போத்தல் என்று ஓடி ஓடிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் நடுவை விரலால் அழுத்திப் பார்த்தோம். அசையாமல் குழிந்து நின்றால் இறுகிவிட்டது. ஒன்று மட்டும் அழுத்த அழுத்த மேலே எழும்பியது. அதை ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் சாப்பிட்டு முடித்தோம்.

வைக்கும் இடம் எங்கள் ஊருக்கு ஒரு பிரச்சினை. இந்தப் போத்தல்களுக்கு 21 பாகைக்குக் கீழான இருட்டு அறை நல்லது என்பார்கள். களுவாஞ்சிக்குடியில் அப்படி ஓர் அறைக்கு எங்கே போவது? அடுப்புக்கும் ஓட்டுக்கும் தூரமாக, சாமான் அறையின் கீழ்த்தட்டில், துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். சூட்டில் நிறமும் ருசியும் சீக்கிரம் இறங்கும், ஆகவே வருடம் முழுக்கக் காத்திருக்காமல் சில மாதங்களில் முடிப்பதுதான் எங்கள் கணக்கு. வளையங்களைக் கழற்றி, போத்தலைக் கழுவித் துடைத்து வைக்கவேண்டும். கடற்காற்றில் வளையம் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அதோடு, வளையம் இல்லாதிருந்தால்தான் மூடி தளர்ந்ததும் கண்ணுக்குத் தெரியும். மூடி வீங்கியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, நுரைத்தாலோ ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

முதல் போத்தலைத் தேங்காய் ரொட்டியோடு திறந்தோம். அம்மா சொன்னபடி தேங்காயெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, தட்டிய உள்ளி தாளித்து ஒரு பாதிக்குக் கொட்டினார். மற்றப் பாதி அப்படியே மல்லியிலை தூவி. பொரித்த மரவள்ளிக் கிழங்கோடு அந்தத் தாளிக்காத பாதிதான் முதலில் முடிந்தது. அவித்த சோளனை உதிர்த்து அதில் பிரட்டிச் சாப்பிட்டது எனக்கு இன்னும் பிடித்தது. புளி தூக்கலாகத்தான் இருக்கிறது. மிகவும் பிடிக்காதவர்கள் சாப்பிடும்போது ஒரு சிட்டிகை சீனி சேர்க்கலாம். அடைக்கும்போதும் சீனி சேர்க்கலாம், அது பாதுகாப்பைக் குலைக்காது. சாற்றைக் குறைக்க மட்டும் கூடாது.

தட்டை மூடி ஒருமுறைக்கு மட்டும். வளையமும் போத்தலும் பலமுறை வரும். பழைய ஜாம் போத்தல் மூடிகள் மறுபடி இப்படி இறுகும் என்று நம்பவேண்டாம். சரியான மூடி கிடைக்காதவர்கள் இதே சல்சாவைச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். மச்சாள் போகும்போது மீதி மூடிகளை எங்களிடமே விட்டுவிட்டாள். அடுத்த தக்காளிப் பெட்டிக்கு அவை போதும். தம்பி கிடாரத்தின் அடிக்கு அளவாக ஒரு கம்பித் தட்டு ஒட்டக் கொடுத்திருக்கிறான், அம்மா அந்த 9 கப்பில் கொச்சிக்காயை ஒன்றரையாக்கி ஏற்கெனவே தாளில் எழுதி வைத்திருக்கிறார்.